ஆறு வீட்டுத் தோட்டக்காரன்

ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் கழிந்த மாசி மாதத்தில், மலாக்காவின் காஜா பேராங்கில் இருந்த ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் ஒரு தலைவரை நியமித்தார்கள். செட்டிக் கம்பத்துக் கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆறு வீட்டு வரிசைக்கு அப்துல் கய்யூம் தலைவரானார். அவர் கேட்டு வாங்கிய பதவி அல்ல. ஜாலான் பெண்டஹாராவில் அவருக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. கடையில் துணி இல்லை. சும்மா இருக்கிற மனிதர் என்று யாரோ அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், வரிசையின் ஆண்களைத் தன் வீட்டு முன்னறைக்கு அழைத்தார்.

"ரெண்டு உத்தரவு" என்றார். "ஒண்ணு, ஒரு சாண் நிலம்கூடச் சும்மா கெடக்கக் கூடாது. மரவள்ளி போடணும். ரெண்டாவது..." குரலைத் தாழ்த்தினார். "சயாம்ல ரயில் பாதை போடுறாங்களாம். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆளைத் தரணுமாம். எப்பன்னு பின்னால சொல்வாங்க."

இரண்டாவது உத்தரவைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சயாமுக்குப் போன ஆட்களைப் பற்றி ஊரில் தெரிந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஆகவே முதல் உத்தரவைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

ஆறு வீடுகளுக்கும் பின்னால் பொதுவாக ஒரு தோட்டம் இருந்தது. வீடுகளின் சொந்தக்காரரான சீனத் தவுக்கே அதைப் புல்தரையாக வைத்திருந்தார். ஓரத்தில் ரோஜாச் செடிகள், மூலையில் ஒரு ரம்புத்தான் மரம். குடியிருப்பவர்கள் புல்லைப் பார்க்கலாம், மிதிக்கக் கூடாது என்பது அவர் விதி. சண்டை தொடங்கியதும் தவுக்கே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தோட்டக்காரரும் எங்கோ போய்விட்டார். இப்போது அங்கே இடுப்பளவுக்கு லாலான் புல் நின்றது. பழக்கதோஷத்தில் அதையும் யாரும் மிதிக்கவில்லை.

"நாமளே கொத்திப் போடலாமே" என்றான் ஹாஜா. அவன் கய்யூமின் மைத்துனன். மனைவி ஷரீஃபாவின் தம்பி. இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவன். வரிசையில் அப்படி இருந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

இரண்டாவது வீட்டு நடராஜன் தொண்டையைக் கனைத்தார். அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. எந்தக் கூட்டத்திலும் முடிவைச் சொல்லும் பொறுப்பு தன்னுடையது என்று நினைப்பவர்.

"ஒரு தோட்டக்காரனை வேலைக்கு வெச்சா என்ன? ஆறு வீட்டுக்கும் பொதுவா."

"நல்ல யோசனை" என்றார் கய்யூம்.

"ஆளு இங்கேயே தங்கணும். தங்கினாத்தான் வேலை நடக்கும்."

"தங்கட்டும்."

"அவன் பேரையும் நம்ம வரிசையோட ரேஷன்ல பதிஞ்சிடணும்."

"பதிஞ்சிடலாம்."

மரவள்ளிக் குச்சி நடுகிற மனிதன் எதற்காக வரிசையின் ஆளாகப் பதிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்திருந்தது. புரிந்ததைச் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் கூட்டம் முடிந்தது. ஹாஜா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து ஷரீஃபா, "ஹாஜா, வந்து இந்தத் தேத்தண்ணிய எடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.

வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு ஜாவாக்காரர். கிளேபாங்கில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் ஆயுள் முழுக்கத் தோட்ட வேலை பார்த்தவர். லாலானை வேரோடு எப்படி எடுப்பது என்று மலாயில் நிதானமாக விளக்கினார். வயது அறுபது என்று அவர் சொன்னதும் நடராஜன் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்தவர் புக்கிட் பாருவில் காய்கறி போட்டு விற்றவர். மனைவியும் நான்கு பிள்ளைகளும் கூடவே வந்து வாசலில் நின்றார்கள். கய்யூம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"இவர் வேணாம். குடும்பஸ்தர், பாவம்" என்றார்.

குடும்பம் இருப்பதால்தான் வேலை வேண்டும் என்று வந்தவருக்கு அது விளங்கவில்லை.

மூன்றாமவன் பெயர் மருதமுத்து. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தான். முப்பது வயது இருக்கும்.

"மரவள்ளி போட்டிருக்கியா?" என்று கேட்டார் நடராஜன்.

"தின்னிருக்கேங்க."

"வேற என்ன வேலை தெரியும்?"

"பால்மரம் சீவுவேன்."

"சொந்தபந்தம்?"

"யாரும் இல்லீங்க. தம்பி ஒருத்தன் இருந்தான்."

"நல்லது" என்றார் நடராஜன். உடனே, "வருத்தமான விஷயம்" என்று திருத்திக்கொண்டார். "காய்ச்சல் கீய்ச்சல் வருமா? தூரம் நடப்பியா?"

"ஜாசின்லேர்ந்து நடந்துதாங்க வந்தேன்."

ஒருமனதாக அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தவுக்கேயின் காலியான மோட்டார் கொட்டகையில் தங்கச் சொன்னார்கள்.

மருதமுத்து சோம்பேறி இல்லை. வேலைதான் தெரியவில்லை. லாலானை மேலாக வெட்டி அள்ளினான். அது அடுத்த வாரமே திரும்ப முளைத்தது. குச்சிகளை நட்டான், பாதி தலைகீழாக நின்றன. ஆண்களுக்கு இதில் பெரிய கவலை இல்லை. அவர்கள் எதற்காக ஆளை வைத்தார்களோ, அதற்கு அவன் தலைகீழாக நட்டாலும் பொருத்தமானவன்தான்.

கவலைப்பட்டது பெண்கள். அரிசியின் அளவு குறைந்துகொண்டே வந்தது. கடைசி வீட்டில் இருந்த பூங்காவனம் கணவனை இழந்தவள். பலகாரம் சுட்டு விற்று இரண்டு பெண்களைக் காப்பாற்றி வந்தாள். மாவு கிடைக்காமல் அந்தத் தொழிலும் நின்றுபோயிருந்தது. ஒருநாள் காலையில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள்.

"கணு மேல பாக்கணும்யா. செத்தவனப் பொதைக்கிற மாதிரி பொதைக்கிறியே" என்றாள்.

"இப்படியாக்கா?"

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வை."

அடுத்த நாள் நடராஜனின் மனைவி கோகிலா வந்தாள். அதற்கடுத்த நாள் ஷரீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சமையலறைக் கதவைத் திறந்து வந்தாள். பல வருடம் ஒரே புல்தரையைத் தனித்தனி ஜன்னல்கள் வழியாகப் பார்த்த பெண்கள் முதல்முறையாக அதில் நின்று பேசினார்கள். மருதமுத்து எல்லாரும் சொன்னதையும் கேட்டான். கத்தரியை நெருக்கி வை என்று ஒருத்தியும் தள்ளி வை என்று ஒருத்தியும் சொன்னபோது, பாதியை நெருக்கியும் பாதியைத் தள்ளியும் வைத்தான். இரண்டுமே காய்த்தன. ரோஜாவைத் தொடாதே என்று நடராஜன் ஜன்னலிலிருந்து சொன்னார். தொடவில்லை.

ஆண்கள் அவனிடம் மிகவும் பிரியமாக இருந்தார்கள். நடராஜன் தான் ஆபீசுக்குக் காலில் மாட்டிப் போகும் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தோட்டத்துல எதுக்குங்க சப்பாத்து?"

"இருக்கட்டும்பா. எப்பவாச்சும் உதவும்."

கய்யூம் கடையில் மிச்சமிருந்த ஒரு கம்பளியைக் கொடுத்தார். மலாக்காவில் கம்பளி போர்த்துகிற மாதிரி எந்த மாதத்திலும் குளிராது. பூங்காவனம்கூட, தன் பெண்களுக்காகப் பதுக்கி வைத்திருந்த, காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையில் கொஞ்சம் ஒரு துணியில் முடிந்து தந்தாள். மருதமுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டான். எல்லாம் கொட்டகையில் ஒரு மூட்டையாகச் சேர்ந்தது.

ஷரீஃபா அவனுக்குத் தன் வீட்டுச் சோற்றிலிருந்து ஒரு பங்கு கொடுத்தாள். மற்ற வீட்டுக்காரர்களைவிட அதிகமாகவே கொடுத்தாள். ஆனால் தட்டை வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஹாஜா எதையும் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மண்வெட்டியோடு வந்து அவன் பக்கத்தில் நின்று கொத்துவான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதாக யாரும் பார்க்கவில்லை.

ஆவணியில் அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை லாரி வரும், ஆள் தயாராக இருக்க வேண்டும் என்று கய்யூமிடம் சொல்லி அனுப்பினார்கள்.

கய்யூம் தோட்டத்துக்குப் போனார். மருதமுத்து சர்க்கரைவள்ளிக் கொடிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். கய்யூம் முதலில் முருங்கையைப் பற்றிப் பேசினார். பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு மறுபடியும் முருங்கைக்கு வந்தார்.

"மொதலாளி, எந்தக் கெழமை?" என்று கேட்டான் மருதமுத்து.

கய்யூம் முருங்கையை விட்டார். "ஒனக்கு யார் சொன்னா?"

"தின்னிருக்கேன்னு சொன்னவனுக்கு வேல குடுத்தீங்க. சப்பாத்து குடுத்தீங்க. கம்பளி குடுத்தீங்க. இதுக்கு மேல ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

"தெரிஞ்சும் ஏம்பா ஓடிப் போகல?"

மருதமுத்து கொடியைக் கீழே போட்டான். "என் தம்பி தியாகுவ அங்கதான் கொண்டு போயிருக்காங்க. ஆபீஸ்ல அரிசி குடுக்கிறாங்க வாங்கன்னு கூப்பிட்டு, வந்தவங்களப் பூரா லாரியில ஏத்திட்டாங்க. நான் அன்னைக்குத் தூரத்து நெரையில மரம் சீவிக்கிட்டு இருந்தேன். அவனத் தேடிப் போகணும்னுதான் மலாக்காவுக்கு வந்தேன். நானா போனா எங்க போறதுன்னு தெரியாது. நீங்க அனுப்பினா அவங்களே கொண்டுபோய் விடுவாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப போறியா?" என்றார் கய்யூம். தன் குரலில் இருந்த நிம்மதி அவருக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. இப்ப போகப் புடிக்கல மொதலாளி. இன்னும் ரெண்டு மாசம் விட்டா கெழங்கு நல்லாப் பெருக்கும்னு பூங்காவனம் அக்கா சொல்லுது. அதப் பாக்கணும்னு இருக்கு." கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "ஆனா ஓட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. ஆறு வீட்டுக்காரங்களும் வந்து, எங்களுக்குப் பதிலா நீ போன்னு வாயால கேக்கணும். கேட்டா போறேன்."

"வாயாலயா?"

"ஆமா. இதுவரைக்கும் யாரும் கேக்கலையே."

மறுநாள் பிற்பகல் எல்லாரும் தோட்டத்தில் கூடினார்கள். வேறு வழியில்லை. மரவள்ளி ஆளுயரம் வளர்ந்திருந்ததால் பாதிப் பேர் இலைகளுக்குள் நிற்க வேண்டியிருந்தது. அது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

நடராஜன் முன்னால் வந்தார். "இப்போதுள்ள சூழ்நிலையை முன்னிட்டு, வரிசையின் பொது நன்மையைக் கருதி, உன்னுடைய ஒத்துழைப்பை..."

"ஐயா, வெளங்கல. தமிழ்ல சொல்லுங்க" என்றான் மருதமுத்து.

"தமிழ்லதான்யா சொன்னேன்."

"அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க."

நடராஜன் இன்னொரு தடவை சொல்லவில்லை. கய்யூம் தலைவர் என்ற முறையில் ஒரு அடி எடுத்து வைத்து, இருமினார். இருமல் நிற்கவில்லை. மற்ற மூன்று வீட்டு ஆண்களும் கய்யூம் பேசினால் தாங்களும் பேசியது போலத்தான் என்றார்கள். பூங்காவனம், "என் வீட்ல அனுப்புறதுக்கு ஆம்பளையே இல்ல, நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

"கொய்னா குடுத்தீங்களேக்கா" என்றான் மருதமுத்து. பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது ஷரீஃபா இலைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் எதிரில் நின்று, அன்றுதான் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க உம்மா மவுத்தானப்ப ஹாஜாவுக்கு நாலு வயசு. நான்தான் வளர்த்தேன். நீ இல்லேன்னா அவனத்தான் கேப்பாங்க. அவனுக்குப் பதிலா நீ போ."

"சரிக்கா" என்றான் மருதமுத்து. "ஆறு பேர் கேக்கணும்னு சொன்னேன். ஒருத்தர் கேட்டதே போதும். போறேன்."

"லாத்தா!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஹாஜா. அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "நான் போறேன். எனக்காக யாரும் போக வேணாம்."

"வீட்டுக்குள்ள போ" என்றாள் ஷரீஃபா. அவன் போகவில்லை. மற்றவர்கள்தான் அவரவர் வீட்டுக்குள் வேகமாகப் போனார்கள்.

அன்று ஷரீஃபா யாருக்கும் சோறு பரிமாறவில்லை. பானையைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலைத் தொழுகை முடிந்து கய்யூம் பாயைச் சுருட்டும்போது அருகில் வந்தாள்.

"ஆபீசுக்குப் போய்க் கேளுங்க. ஆளுக்குப் பதிலா வேற என்ன எடுத்துக்குவாங்கன்னு."

"நம்மகிட்ட என்ன இருக்கு?"

ஷரீஃபா சமையலறைக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"அது ஆறு வீட்டுச் சோறு" என்றார் கய்யூம்.

"அவனும் ஆறு வீட்டு ஆளுதான்."

"நேத்து நீதானே அவனப் போகச் சொன்னே?"

"சொன்னதாலதான். சொல்லாம இருந்திருந்தா நானும் பேசாம அனுப்பியிருப்பேன். என் வாயால சொன்னத என் காதால கேட்டுட்டேன். இப்ப முடியல."

கய்யூம் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி உள்ளூர்க்காரர்தான். பட்டாளத்துச் சமையலுக்குக் கிழங்கு கிடைக்காமல் அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்த சமயம் அது. அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"ஒரு வண்டி நிறைய. வெள்ளிக்கெழமைக்குள்ள."

"அப்ப ஆளு?"

"ஆளு வேற எங்கயாச்சும் கெடைக்கும்" என்றார் அதிகாரி, நாற்காலி கிடைக்கும் என்பது போல.

எங்கே கிடைக்கும் என்று கய்யூம் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

நடராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கிழங்கைக் கொடுத்தால் நாளைக்கு என்ன கொடுப்பது, பிள்ளைகள் எதைத் தின்பது என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தான். கோகிலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க போறீங்களா?" என்றாள். நடராஜன் மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

ஆறு வீடும் சேர்ந்து கிழங்கு பிடுங்கியது. இரண்டு மாதம் முந்திப் பிடுங்கியும் ஏமாற்றவில்லை. மருதமுத்து முதல் தூரை அசைத்து அசைத்து இழுத்தான். கைநீளத்துக்கு ஐந்தாறு கிழங்கு மண்ணோடு வந்தது. அவன் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினான். பிறகு வண்டியில் போட்டான். தான் போட்ட விளைச்சலை முழுவதும் அவன் பார்த்தான்; அதில் ஒன்றையும் தின்னவில்லை. பூங்காவனம் இரண்டு கிழங்கை அடுப்படியில் ஒளித்து வைத்தாள். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஆறு வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வரிசையில் நின்றது. அந்த வரிசை ஒரு ஆளைத் தர வேண்டும். இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தேவதாஸ். இன்னொருவன் பெயர் கய்யூமுக்குத் தெரியாது. அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். அன்று முழுவதும் ஆறு வீட்டிலும் பேசாத பேச்சில்லை. அந்த இரண்டாவது ஆளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் மரவள்ளி இலையைத் தின்றார்கள், பப்பாளிக் காயைத் தின்றார்கள். பிடுங்கிய குச்சிகளைத் துண்டு போட்டு மறுபடி நட்டார்கள். இந்த முறை ஆண்களும் தோட்டத்தில் இறங்கினார்கள். நடராஜன் ரோஜாச் செடிகளைத் தானே பிடுங்கிவிட்டுக் கீரை விதைத்தார். கீரை எப்படி வளர்கிறது என்பது பற்றி மருதமுத்துவுக்கு அவர் அடிக்கடி விளக்கினார். இன்னொரு அழைப்பு வரும் என்று பயந்தபடியே இருந்தார்கள். வரவில்லை. சயாமில் பாதை முடிந்துவிட்டது என்றார்கள்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியபோது மருதமுத்து தம்பின் ரயில் நிலையத்துக்குப் போகலானான். மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பெயர்த்துக் கொண்டுபோயிருந்ததால், திரும்பி வருகிறவர்கள் தம்பினில்தான் இறங்குவார்கள். நடந்தும் வண்டி கிடைத்தால் ஏறியும் போவான். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் தியாகுவைத் தெரியுமா என்று கேட்பான். ஒருவர், தியாகு வாந்திபேதியில் செத்துப் போனான், நானே பார்த்தேன் என்றார். இன்னொருவர், அது வேறு தியாகு என்றார். மருதமுத்து இரண்டையும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவான். அடுத்த வாரம் மறுபடி போவான்.

ஒருநாள் அவன் தனியாகத் திரும்பவில்லை. மாட்டுவண்டியில் ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். பஸ் ஓட்டிய பழைய தேவதாஸ் கனமான ஆள், இப்போது எலும்பும் தோலுமாக இருந்தார். ஆகவே இறக்கி உட்கார வைத்த பிறகுதான் கய்யூமுக்கு அடையாளம் தெரிந்தது. தேவதாஸின் தாயார் இதற்குள் கிளேபாங்கில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். தகவல் சொல்லி அனுப்பும்வரை கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றான் மருதமுத்து.

ஷரீஃபா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். தேவதாஸ் மெதுவாகக் குடித்தார்.

"இந்த வரிசையில ஒரு ஆளத் தயாரா வெச்சிருக்காங்கன்னு ஊரே பேசிக்கிச்சு" என்றார் கய்யூமிடம். "லாரியில அந்த ஆளக் காணோமேன்னு பாத்தேன்."

கய்யூம் எதிரில் நின்ற மருதமுத்துவைக் காட்டினார். "இவன்தான் அந்த ஆளு. நாங்க அனுப்பல. பதிலா ஒரு வண்டி மரவள்ளி குடுத்தோம்." இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. "ஆளு வேற எங்கயாச்சும் கெடைக்கும்னு அங்க சொன்னாங்க. எங்கன்னு நான் கேக்கல. ஒங்க வரிசையிலேர்ந்து ரெண்டு பேரா ஏறினீங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

தேவதாஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பின்தோட்டத்தைப் பார்த்தார்.

"எங்க வரிசையில வெறும் புல்லுதான் இருந்துச்சு" என்றார்.

பிறகு கிண்ணத்தை நீட்டினார். ஷரீஃபா நிறைய ஊற்றினாள்.

கூட ஏறியவன் என்ன ஆனான் என்று கய்யூம் கேட்டார். தேவதாஸ் இல்லை என்று தலையை அசைத்தார். அவன் பெயர் என்ன என்றும் கய்யூம் கேட்டார். ஜெயபாலன் என்றார் தேவதாஸ்.

மறுநாள் காலையில் மருதமுத்து திரும்பவும் தம்பினுக்குப் புறப்பட்டான். ஹாஜாவும் கூடப் போனான்.